தீவகத்து வளவும் அதன் வனப்பும்

பழந்தமிழர் நிலத்தைப் பாகுபடுத்தியபோது மலையும் மலைசார்ந்த இடமும் குறிஞ்சி என்றும், கடலும் கடல்சார்ந்த இடமும் நெய்தல் என்றும் பெயர் பெற்றன. இயற்கை எழில் என்றவுடன் பெரும்பாலோர் நெஞ்சம் குறிஞ்சியையே நாடுகின்றது. மலைச்சரிவில் ஒரு வீடு, அதனைச் சுற்றிப் பூஞ்செடிகள், கீழே பள்ளத்தாக்கு, மேலே முகில் தவழும் கொடுமுடி. கண்டிக்கும் நுவரெலியாவுக்கும் சென்று மீண்டோர் இத்தகைய காட்சிகளை வியந்து பேசுவர். அவர்களுள் ஊர்காவற்றுறையிலோ நெடுந்தீவிலோ நயினாதீவிலோ பிறந்த ஒருவரிடம் அவருடைய ஊரின் அழகைப் பற்றிக் கேட்டால், "அங்கே என்ன இருக்கின்றது? உப்பும் கல்லும் பனையுந்தானே" என்று விடை வருதலும் உண்டு.

அவ்விடை முற்றும் பொய்யன்று. யாழ்ப்பாணத்துத் தீவுகளிலே குன்று என்று சொல்லத்தக்க மேடு ஒன்றேனும் இல்லை; ஆறு இல்லை; அடர்ந்த காடும் இல்லை. சுண்ணாம்புக் கல்லின் மீது மெல்லிய மண் போர்வை ஒன்று, அவ்வளவே நிலம். ஆயினும் உப்பும் கல்லும் பனையும் ஒருங்கு கூடி எத்தகைய வனப்பை ஆக்கித் தருகின்றன என்பதை அறியாமையினாலேயே அவ்விடை பிறக்கின்றது. மலைநாட்டின் எழில் பெரும்பாலும் தானே அமைந்தது. தீவகத்து வீட்டைச் சூழ்ந்த எழிலோ மனிதன் கை வைத்து ஆக்கியது. கை எடுத்தால் அழிவது. இவ்வேறுபாட்டை உணர்ந்தாலன்றித் தீவகத்து வளவின் அருமை விளங்காது.

முதலில் மதிலையும் வேலியையும் நோக்குவோம். நெடுந்தீவில் வளவுகளைச் சுற்றி முருகைக் கற்களை அடுக்கி மதில் எழுப்பியிருக்கின்றனர். சாந்து இல்லை, சுண்ணாம்பு இல்லை; கல்லின் மேல் கல்லாக, ஒன்றின் பல் மற்றொன்றின் பள்ளத்திற் பொருந்துமாறு அடுக்கியவை. கற்களுக்கிடையே காற்றுப் புகும் துளைகள் ஏராளம். இது கட்டியோரின் குறைபாடன்று. காற்றை முற்றாக மறிக்கும் சுவரின் மறுபுறத்திலே காற்றுச் சுழன்று விழுந்து இளஞ்செடிகளை அலைக்கும். துளைகளுள்ள மதிலோ காற்றைச் சல்லடைபோல் அரித்து, வேகத்தைத் தணித்து உள்ளே விடும். சோழகக் காற்று மாதக்கணக்காக வீசும் தீவிலே, கத்தரியும் மிளகாயும் மாதுளையும் நிமிர்ந்து நிற்பது இம்மதில்களின் தயவினாலேயாம். அத்துளைகளிலே பல்லியும் ஓணானும் குடியிருக்கின்றன. அவற்றைத் தேடிக் கீரி வருகின்றது.

வேலணை, புங்குடுதீவு முதலிய இடங்களில் மதிலின் பணியை உயிர்வேலி செய்கின்றது. கிளுவை, பூவரசு, முள்முருக்கு ஆகியவற்றின் கதியால்களை மாரியில் நட்டால் அவை வேர்விட்டு மரமாகும். அவற்றின்மேற் பனையோலை வைத்து அடைப்பர். அயலார் கண்ணுக்கு மறைவு, ஆட்டுக்குத் தழை, நிலத்துக்குப் பசளை, வேலிக்குக் காவல் என ஒரு கதியாலினால் விளையும் பயன் பல. அழகும் அவற்றுள் ஒன்று. பூவரசம்பூ காலையிலே மஞ்சள் நிறமாக விரிந்து, வாடும்போது செந்நிறம் பெறும். ஒரே மரத்தில் இருநிறப் பூக்களைக் காணும் சிறுபிள்ளை அதன் காரணத்தை வினாவுமாயின், அதுவே அப்பிள்ளைக்குத் தாவரவியலின் முதற்பாடம் ஆகும். தை பிறந்தபின் முள்முருக்கு இலையுதிர்த்துச் செம்பூக்களைச் சுமந்து நிற்கும். தேன் குடிக்க மைனாவும் காகமும் அணிலும் அங்கே கூடும்.

வளவின் உயிர்நிலை கிணறு. தீவுகளின் நிலத்தடி நீரைப் பற்றி அறிந்திருத்தல் அங்கு வாழ்வோர் யாவருக்கும் இன்றியமையாதது. மழைநீர் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகள் வழியே இறங்கி, அடியிலுள்ள கடல்நீரின் மேல் ஒரு வில்லைபோல் மிதந்து நிற்கின்றது. உவர்நீரிலும் நன்னீர் எடை குறைந்தது என்பதே இதற்குக் காரணம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் கைபென், ஹேர்ஸ்பேர்க் என்னும் ஐரோப்பிய அறிஞர் இருவர் இதனைத் தனித்தனியே ஆராய்ந்து ஒரு கணக்கைக் கண்டனர். கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி உயரத்துக்கு நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும். கேட்பதற்கு இது பெருஞ்செல்வமாகத் தோன்றும். ஆனால் கணக்கைத் திருப்பிப் பார்த்தல் வேண்டும். மேலே ஓர் அடி குறையுமாறு நீரை இறைத்துவிட்டால், காலப்போக்கிற் கீழேயிருந்து உவர்நீர் 40 அடி மேலெழும். உவர்ந்த கிணறு மீண்டும் நன்னீர்க் கிணறாவது எளிதன்று.

முன்னோர் இக்கணக்கைப் படித்தவர் அல்லர். எனினும் அதன்படியே ஒழுகினர். துலாவினால் இறைத்தவன் தன் கைவலி தாங்கும் அளவே இறைத்தான். இறைத்த நீரும் வீணாகவில்லை. குளித்த நீர் வாய்க்கால் வழியே வாழைக்குச் சென்றது. வாழையைக் கடந்தது கறிவேப்பிலைக்கும் தேசிக்கும் சென்றது. எஞ்சியது செவ்வரத்தைக்கும் நந்தியாவட்டைக்கும் மல்லிகைப் பந்தலுக்கும் போயிற்று. தீவகத்து வீட்டில் மிகக் குளிர்ந்த இடமும் மிகப் பசிய இடமும் கிணற்றடியே என்பது இதனாலாம். மலைநாட்டு மாளிகையிற் பூந்தோட்டம் முன்புறத்தே இருக்கும். தீவகத்திலோ அது கிணற்றைப் பின்தொடரும். கடற்கரையில் ஒதுங்கும் சாதாழையை அள்ளி வந்து பசளையாக இட்டதனால், உப்புக்காற்றுக்கு அஞ்சும் நிலமும் பயன் தந்தது. கடல் எடுத்ததைக் கடலே ஈடுசெய்தது போலும்.

இனிப் பனை. பனையின் நூற்றுக்கணக்கான பயன்களைத் தமிழர் பேசியிருக்கின்றனர். அது பிற உயிர்களுக்கு வீடாக இருப்பதைப் பேசியோர் குறைவு. பனை உழவாரன் என்னும் சிறு பறவை நாள் முழுதும் வானிலே பறந்து பூச்சி பிடிப்பது. அது தொங்கும் பனையோலையின் அடிப்புறத்தில் இறகையும் பஞ்சையும் தன் உமிழ்நீரால் ஒட்டிக் கூடமைக்கின்றது. முட்டையையும் அவ்வாறே ஒட்டிவைக்கின்றது. காற்றில் ஓலை எவ்வளவு ஆடினும் முட்டை வீழ்வதில்லை. தூக்கணாங்குருவியோ பனையோலையைக் கீற்றுக் கீற்றாகக் கிழித்துக் கூடு பின்னி, அதே பனையில் தொங்கவிடுகின்றது. காவோலை முழுவதையும் ஒருசேர வெட்டி மரத்தைத் துப்புரவாக்குவோர், உழவாரனின் இல்லத்தையும் உடன் வெட்டுகின்றனர். இரண்டொரு காவோலையை விட்டுவைத்தால் மரத்துக்கு நட்டமில்லை. மாலை வானத்துக்கு அது பேரணியாகும்.

மாதங்களின் சுழற்சியைத் தீவகத்து வளவிலே நாட்காட்டி இன்றியே அறியலாம். ஐப்பசியில் வாடைமழை தொடங்கியவுடன், கோடை முழுதும் கல்லிடுக்கில் உறங்கிய கிழங்குகள் முளைக்கும். கார்த்திகைப்பூ தன் பெயருக்கேற்ப அம்மாதத்திற் செம்மையும் மஞ்சளுமாக வேலிகளிலே சுடர்விடும். அதன் கிழங்கு கொடிய நஞ்சு. காணலாம், தொடுவதிற் கவனம் வேண்டும். முசுட்டையும் தூதுவளையும் குறிஞ்சாவும் வேலியிற் படர்ந்து கறிக்கு இலை தரும். சித்திரையில் வேம்பு பூத்து முற்றமெங்கும் உதிரும்; கொன்றை பொன்னாகத் தொங்கும். கடற்கரை மணலில் அடம்பன்கொடி ஊதாநிறப் பூவை விரிக்கும். இராவணன்மீசை என்னும் முட்புல்லின் உருண்டைகள் காற்றில் உருண்டோடுவதைப் பிள்ளைகள் துரத்தி மகிழ்வர். இவ்விரண்டும் மணலைக் கட்டிப்பிடித்துக் கரையைக் காப்பவை. அடம்பன்கொடியும் திரண்டால் மிடுக்கு என்னும் பழமொழி கடற்கரை மக்களின் கண்ணிலிருந்து பிறந்ததே.

ஐப்பசி பிறந்தால் விருந்தினரும் வருவர். இந்தியாவிலிருந்து குளிர்காலத்துக்காக இலங்கைக்கு வரும் பறவைகளுள் ஆறுமணிக் குருவி ஒன்று. இமயமலை அடிவாரத்திலும் இந்தியாவின் நடுப்பகுதியிலும் உள்ள காடுகளிற் குஞ்சு பொரித்து, இரவிலே பறந்து தெற்கு நோக்கி வருவது. பச்சை, நீலம், செம்மை, மஞ்சட்கபிலம் எனப் பல நிறங்கள் பூண்ட உடல், குட்டை வால். காலையும் மாலையும் ஏறக்குறைய ஆறு மணிக்கு அதன் இரட்டைக் கூவல் கேட்கும். பெயர்க் காரணம் அதுவே. கடல் கடந்து களைத்து வந்து சேரும்போது, வீட்டு விறாந்தையிலும் வேலியடியிலும் சோர்ந்து விழுந்து கிடப்பதும் உண்டு. அப்போது அதனைப் பூனையிடமிருந்து காத்து, நிழலில் ஒரு பெட்டிக்குள் விட்டுவைத்தாற் களைப்பு நீங்கிப் பறந்துவிடும். குன்றில்லா ஊரின் வேலியடிக்கு இமயத்தின் அடிவாரமே விருந்து வருகின்றது என்று எண்ணும்போது, மலையைக் காணாத ஏக்கம் ஓரளவு தீர்கின்றதன்றோ?

நீர்ப்பறவைகள் இன்னும் பெருந்தொகையின. யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து பண்ணைத் தாம்போதி வழியாகத் தீவுகளுக்குச் செல்வோர் இருமருங்கும் ஆழமற்ற கடலைக் காண்பர். மாரிக்காலத்தில் அங்கே ஊசிவால் வாத்துகளும் உள்ளான் வகைகளும் ஆலாக்களும் கூட்டங்கூட்டமாக மேய்கின்றன. வாத்துகள் ஐரோப்பாவினதும் ஆசியாவினதும் வடகோடிகளிலிருந்து வருபவை. பூநாரைகளும் சில காலங்களில் வந்து நிற்கும். குசராத்தின் கச்சு உப்புவெளியிற் குஞ்சு பொரிப்பவையே இங்கு வருகின்றன என அறிஞர் கருதுவர். உவர்நீரில் வாழும் நுண்ணிய இறால்களையும் பாசியையும் தலைகீழாக அலகைத் தோய்த்து வடித்துண்பதனாலேயே அவற்றின் இறகில் இளஞ்சிவப்பு ஏறுகின்றது. வெறும் சேற்றுவெளி என்று நாம் இகழ்வதே அப்பறவைகளுக்கு அன்னசத்திரம்.

நயினாதீவிலே பறவையும் பாம்பும் தலவரலாற்றிலேயே இடம்பெற்றுவிட்டன. நாகபூஷணி அம்மனுக்குப் புளியந்தீவிலிருந்து பூவெடுத்து நீந்தி வந்த நாகத்தைக் கருடன் மறித்தது என்பது ஐதிகம். பாம்பு சுற்றிய கல், கருடன் கல் என இரு பாறைகளைக் கடலிலே இன்றும் காட்டுவர். குறிகட்டுவானிலிருந்து படகில் செல்வோர் தலைநிமிர்ந்து பார்த்தாற் செம்பருந்து வட்டமிடுவதைக் காணலாம். அத்துறையிலே வெண்வயிற்றுக் கடற்கழுகும் உலவும். கடற்பாம்பு அதன் இரைகளுள் ஒன்று. பறவை பாம்பைக் கவர்வதைத் தலைமுறை தலைமுறையாகக் கண்ட மக்களின் நாட்டிலே இவ்வைதிகம் நிலைபெற்றது வியப்பன்று.

நெடுந்தீவில் விருந்தினராக வந்து வீட்டினராகிவிட்டவையும் உள்ளன. அங்குள்ள பெருக்கு மரம் ஆபிரிக்காவுக்கு உரியது. அராபிய வணிகர் கொணர்ந்தனர் என்பது வழக்கு. பருத்த அடிமரத்தில் நீரைத் தேக்கி வறட்சியைத் தாங்குவது. மாலையில் விரியும் அதன் வெண்பூவை வௌவால்கள் நாடும். தீவின் புல்வெளிகளிலே திரியும் குதிரைகள் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் வளர்த்தவற்றின் வழிவந்தவை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நோலன் என்னும் ஆங்கிலப் படையதிகாரி அங்கே குதிரை வளர்ப்பை நடத்தினார். வளர்ப்பு ஒழிந்தபின் குதிரைகள் காட்டு வாழ்வை மேற்கொண்டன. 2015இல் தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. எனினும் கடுங்கோடையில் நீர்நிலைகள் வற்றும்போது குதிரைகள் மடிவது நின்றபாடில்லை. அறிவிப்புப் பலகை தாகம் தீர்க்காது. கேணியைத் தூர்வாரும் கையே தீர்க்கும்.

காட்சியைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியபின், தீவுகளுக்குத் தம் நாட்டு ஊர்ப்பெயர்களைச் சூட்டினர். நெடுந்தீவு டெல்ஃப்ட் ஆயிற்று; வேலணைத் தீவு லைடன் ஆயிற்று. அவர்களுடைய நாடும் மலையற்ற, கடலோடு போராடும் தாழ்நிலமே. அதே காலத்தில், ஏறக்குறைய 1660இல், வெர்மீர் என்னும் ஓவியர் தம் ஊராகிய டெல்ஃப்ட்டை வரைந்தார். ஹேக் நகரத்து அருங்காட்சிச்சாலையில் உள்ள அவ்வோவியத்திற் பாதிக்கு மேற்பட்ட பகுதி வானமே. தாழ்நிலத்து மக்களுக்கு மலையின் இடத்தை முகில் நிரப்புகின்றது என்பதை அவர் அறிந்திருந்தார். ஊர்காவற்றுறைக் கரையில் நின்று, கடற்கோட்டைக்கு அப்பால் ஆவணி மாலையில் முகில்கள் அடுக்கடுக்காக நிறம் மாறுவதைக் கண்டோர் இவ்வுண்மையை ஒப்புவர்.

கடற்கரையில் நிற்கும் ஒருவரின் கண்ணுக்கு அடிவானம் மூன்று மைலுக்கும் குறைந்த தொலைவிலேயே உள்ளது. 60 அடிப் பனையின் உச்சியில் ஏறியவருக்கோ அது ஒன்பது மைலுக்கு அப்பால் விலகிச் செல்லும். ஆகவே தீவகத்தின் குன்று பனைமரம் என்றால் மிகையாகாது. இரவிலே தீவகத்தானுக்குக் கிடைக்கும் பேறு மலைச்சரிவில் வாழ்வோனுக்கு அரிது. வானத்தின் நாற்புறமும் மறைப்பின்றித் தெரியும். துருவமீன் ஓர் இடத்தில் எத்தனை பாகை உயரத்தில் தோன்றுமோ அதுவே அவ்விடத்தின் அகலக்கோடு. இத்தீவுகளில் அது வட அடிவானுக்கு மேல் ஏறக்குறைய ஒன்பதரைப் பாகையில் நிற்கும். வைகாசி மாத முன்னிரவில் வடக்கே துருவமீனையும் தெற்கே தென்சிலுவையையும் ஒரே முற்றத்திலிருந்து காணலாம். ஐரோப்பாவின் எந்தப் பெருநகரத்தாருக்கும் இக்காட்சி வாய்ப்பதில்லை.

இத்துணை வனப்பும் காவலின்றி நில்லாது என்பதற்கு அண்மைக் கால வரலாறே சான்று. 1990ஆம் ஆண்டிலும் அதனை அடுத்தும் போரின் காரணமாகத் தீவுகளிலிருந்து மக்கள் பெருந்தொகையாக வெளியேறினர். போர் 2009இல் முடிந்தது. சென்றோரிற் பலர் கொழும்பிலும் கடல் கடந்த நாடுகளிலும் வேரூன்றிவிட்டனர். புங்குடுதீவிலும் வேலணையிலும் கூரையற்ற வீடுகளைக் காணலாம். அவ்வளவுகளை உற்று நோக்கினால் எவை இயற்கை தந்தவை, எவை மனிதன் தந்தவை என்பது தெளிவாகும். வேம்பும் பனையும் கற்றாழையும் நித்தியகல்யாணியும் நின்று நிலைக்கின்றன. வாழை இல்லை, துளசி இல்லை, மல்லிகைப் பந்தலின் கால் மட்டும் உண்டு. சுவர் வெடிப்பில் ஆலும் அரசும் வேரோடுகின்றன. உடும்புக்கும் கீரிக்கும் அவ்விடம் உவப்பாகலாம். நெல் புடைத்த முற்றத்தை நம்பி வாழ்ந்த ஊர்க்குருவியோ, முற்றத்தோர் அகன்றபின் தானும் அகன்றுவிடுகின்றது.

மீண்டு குடியேறியோருக்கும், விடுமுறைக்கு வந்து பழைய வீட்டைத் திருத்துவோருக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. பணம் கொண்டு மதிலைச் சீமெந்தாற் கட்டி, முற்றத்தைக் கற்பதித்து மூடி, மின்பொறியினால் நீரை இடைவிடாது இறைத்துப் புற்றரை வளர்ப்பது மலைநாட்டு மோகம். மூடிய முற்றத்தில் மழை இறங்காது. இறங்காத மழை கிணற்றுக்குச் சேராது. சேராத நீரை இறைத்தால் உவர்தான் மிஞ்சும். ஒருவர் வளவில் உவர் ஏறினால் அயல் வளவின் கிணறும் தப்பாது. நீர்வில்லைக்கு வேலி இல்லை. இதற்கு மாறாக, மாரிக்கு முன் கிணற்றையும் கேணியையும் துப்புரவாக்கலாம். கூரைநீரை நிலத்துக்குள் விடலாம். முருகைக் கல்லைப் பெயர்க்காது விட்டுவைக்கலாம். நாலு கதியால் நடலாம். கோடையில் நிழலான இடத்தில் ஒரு சட்டி நீர் வைக்கலாம். செலவு சிறிது, பயன் தலைமுறைக்கு.

இங்கிலாந்தில் செல்போர்ண் என்னும் குன்றடிச் சிற்றூரில் வாழ்ந்த கில்பர்ட் உவைற் என்னும் பாதிரியார், தம் வீட்டையும் தோட்டத்தையும் அயலையும் பல்லாண்டு கவனித்து எழுதிய நூல் 1789இல் வெளிவந்தது. அவர் உலகைச் சுற்றியவர் அல்லர். எந்தப் பறவை எந்நாள் வந்தது, எச்செடி எந்நாள் பூத்தது என்று குறித்தவர். அத்தகைய குறிப்பேடு தீவகத்து இல்லந்தோறும் இருத்தல் கூடாதா? இவ்வாண்டு ஆறுமணிக் குருவி எந்நாள் கூவிற்று, கிணற்றுநீர் ஆவணியில் எத்தனை முழம் இறங்கிற்று, முள்முருக்கு எப்போது சிவந்தது என மாணவர் எழுதி வருவாராயின், பத்தாண்டில் அது பெருஞ்செல்வமாகும். பெயர் தெரிந்த மரத்தை எவரும் எளிதில் வெட்டார். வரவு குறித்த பறவையை எவரும் கல்லெறியார். தீவகத்திலே கண்டு மகிழ்தலும் காத்து நிற்றலும் இரு தொழில்கள் அல்ல, ஒரு தொழிலே.